வழுவமைதி

சனியும் ஞாயிறும் கம்பஸ்.
மற்ற நாள்களில் குருநகர் ஐஸ் தொழிற்சாலையின் பின்கதவு.
விஞ்ஞான முதுமாணி, பிரயோக கணிதம், இரண்டாம் வருடம்.
"இன்டர்வியூவில தேற்றம் கேக்க மாட்டாங்கள்.
எத்தனை வீதம் மிச்சம் பிடிச்சனி எண்டுதான் கேப்பாங்கள்."
முதல் கிழமையே சொல்லிவிட்டாள்
வங்கியில் கடன் பகுதியில் இருக்கும் தர்மினி.

எனக்குக் கிடைத்த கேள்வி சின்னது.
விடிய நாலரைக்கு லொறியில் ஏறும் அறுபது பார்
மயிலிட்டித் துறைக்குப் போய்ச் சேருமுன்
எவ்வளவு தண்ணீராகிறது?

சின்னது என்றா சொன்னேன்.
உருகும் கட்டிக்கு விளிம்பு ஓரிடத்தில் நிற்பதில்லை.
பனிக்கும் நீருக்கும் நடுவிலுள்ள கோட்டை
எழுதி முடிக்குமுன் அது உள்ளே போய்விடுகிறது.
நகரும் எல்லைக் கணக்கு என்று பெயர்.
துறையில் நின்றவர்களிடம் சொன்னேன்.
"எல்லை நகர்றதை எங்களுக்குப் படிப்பிக்கிறியோ, பிள்ளை?"
முப்பது வருடம் கழித்து ஊருக்குத் திரும்பியவர்கள்
வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

மரத்தூள் எவ்வளவு வெப்பம் கடத்தும் என்று
புத்தகத்தில் ஓர் எண் இருக்கிறது.
அது காய்ந்த மரத்தூள்.
எங்களுடையது மூன்று தரம் நனைந்து
நான்காம் தரம் சாக்கோடு போர்த்தது.
ஆகவே எட்டு இரவு லொறியின் பின்னால் குந்தியிருந்து,
கால்விரல் விறைக்க, நானே அளந்தேன்.
மிச்ச ஒன்பதுக்கும் தராசுத் துண்டுகள்.

நாலரை பார் உருகும் என்றது என் பைதன்.
பதினான்கு இரவில் தராசும் அதுவும் நகமும் சதையும்.
மூன்றில் மட்டும் இரண்டு பார் மேலதிகமாக இல்லை.
காற்று, ஈரப்பதன், தெல்லிப்பழையில் ரயில் கடவை மூடிய நேரம்,
எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒரு வளைவும் படியவில்லை.
பிறகுதான் திகதிகளைப் பார்த்தேன்.
மூன்றும் நான் லொறியில் ஏறாத இரவுகள்.

அமலதாஸ் அண்ணையிடம் நான் கேட்கவில்லை.
கியர் மாற்றிக்கொண்டே அவராகச் சொன்னார்.
"முதல் நாள் ரோலர் வலையை அறுத்துப் போட்டான்.
ஐஸ் வாங்கக் காசில்லை எண்டு கடலுக்குப் போகாமல் நிக்கேலுமே?
ரெண்டு பார் ஒழுங்கைக்குள்ள இறக்கினனான்.
எழுதிறதெண்டா எழுது."

பத்தாம் வகுப்பில் படித்தோமே:
மகளை 'வாடா ராசா' என்றால் அது பால் வழு.
உவப்பில் அழைத்தால் வழுவமைதி.
பிழைதான். ஆனாலும் இருக்கட்டும்.
புள்ளிவிபரவியலிலும் அதற்கு வழு என்றே பெயர்,
அமைதிக்குத்தான் அங்கே குறியீடு இல்லை.

இன்னும் ஒரு மாதம் மண்டையை உடைத்தேன்.
நீளத்துக்குப் பரப்பாமல் கனசதுரமாக அடுக்கினால்,
பார்களுக்கிடையில் விரல் நுழையாதபடி இறுக்கினால்,
இரண்டரை பார் உருகாமல் தப்புகிறது.
மூன்று தரம் சரிபார்த்தேன். இரண்டரைதான்.

முதலில் அமலதாஸ் அண்ணைக்குச் சொன்னேன்.
நாடியைச் சொறிந்தார்.
"அப்ப ரெண்டு எங்கட கணக்கு."

அறிக்கையில் சேமிப்பு: அரை பார்.

கொழும்பில், பதினோராம் மாடியில்,
சரக்குக் கொம்பனிக்காரர் மூவர் அதைப் புரட்டினார்கள்.
"அரை பாரா? இதுக்கு ஆறு மாதமா?"
நகரும் எல்லையைப் பற்றி நன்றாகத்தான் பேசினேன்.
ஒருவர் தலையாட்டினார். ஒருவர் போன் பார்த்தார்.
அறிவிப்பார்களாம்.

'எத்தனை வீதம்?' என்று தர்மினியின் மெசேஜ்,
பஸ் வவுனியா தாண்டும்போது.
ஒன்றுக்கும் குறைவு என்று அடித்தேன்.
ஒரு அழுகை முகம் அனுப்பினாள்.

யாழ்ப்பாணம் ஐந்து மணி. பஸ்ஸால் இறங்கி நடக்கிறேன்.
லொறி இப்போதுதான் போயிருக்கிறது.
காங்கேசன்துறை வீதியில், வெளிச்சத்துக்கு வெளிச்சம்,
வடக்கே ஓர் ஈரக்கோடு.
முன்பைவிட மெல்லிசு.